பூமிக்கு அடியில் டீசல் புகை: அந்தக் கரி எங்கே போகிறது?

உலோகச் சுரங்கங்களில் ஓடும் எல்.எச்.டி (லோட்-ஹால்-டம்ப், அதாவது அள்ளிச் சுமந்து கொட்டும் வண்டி) என்ற லோடரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்னால் பெரிய பக்கெட், நடுவில் மடங்கும் உடம்பு, மொத்த வண்டியும் தரையோடு தரையாக இருக்கும். இதன் ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். குடைந்த பாதையில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது என்பதால் இந்த ஏற்பாடு. வெடிவைத்து உடைத்த தாதுவை அள்ளப் போகும்போது ஒரு பக்கம் கழுத்தைத் திருப்பி ஓட்டுவார். அள்ளிக்கொண்டு பின்னோக்கி வரும்போது மறுபக்கம் திருப்புவார். ஒரு ஷிப்ட் முழுக்க இப்படியே போவதும் வருவதும்தான் வேலை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. போகும்போது விட்ட புகைக்குள்ளேதான் திரும்பி வரவேண்டும். பாதையில் காற்று வீசும் வேகமும் வண்டியின் வேகமும் ஒன்றாகிவிட்டால் இன்னும் மோசம். புகை ஓட்டுநரை விட்டு நகராமல் கூடவே வரும்.

மேலே சாலையில் ஒரு பழைய லாரி கரும்புகை தள்ளிக்கொண்டு போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முந்திவிடுகிறோம். அரை நிமிடத்தில் காற்று அதைக் கலைத்துவிடும். வானம் செய்யும் இந்த வேலையைப் பூமிக்கு அடியில் செய்ய யாரும் இல்லை. அங்கே இருப்பது நாம் ஃபேன் வைத்து உள்ளே தள்ளிய காற்று மட்டும்தான். ஆகவே சுரங்கத்திலும் சுரங்கப்பாதைப் பணியிடங்களிலும் டீசல் எஞ்சினை ஓட்டுபவர்கள் புகையைச் சுத்தம் செய்யப் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பிடித்த அழுக்கு எங்கே போச்சு? கருவி விற்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகமாட்டார்கள்.

முதலில், புகைக்குழாயிலிருந்து வருவது என்னென்ன? பெரும்பகுதி நைட்ரஜன், எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன், நீராவி, கார்பன் டை ஆக்சைடு. இவற்றோடு கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், முழுதாக எரியாத ஹைட்ரோகார்பன்கள், கண்ணைக் கரிக்கவைக்கும் ஆல்டிஹைடுகள், எரிபொருளில் கந்தகம் இருந்தால் கந்தக ஆக்சைடுகள். அப்புறம்தான் கரித்துகள். எஞ்சினுக்குள் டீசல் துளி சரியாகக் காற்றோடு கலக்காத இடங்களில் சின்னச் சின்னக் கார்பன் உருண்டைகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு அளவு. அவை திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொத்தின் மேல் எரியாத எண்ணெயும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில கரிமச் சேர்மங்களும் படிந்துகொள்ளும். இந்தக் கொத்தே ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியும் தொண்டைச் சளியும் பிடிக்க முடியாத அளவு இது. நேரே நுரையீரலின் கடைசிப் பைகள் வரை போய்விடும்.

கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை மட்டும் ஆபத்து என்று நினைப்பது பழைய பழக்கம். புது எஞ்சின்களில் புகையே கண்ணுக்குத் தெரியாது. அதனால் துகளே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் டீசல் புகையை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் வைத்திருந்தது. 2012 ஜூனில் அதை 'உண்டாக்கும்' என்ற முதல் பட்டியலுக்கு மாற்றியது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பட்டியல் அது. அந்த மாற்றத்துக்கு முக்கியமான சான்று சுரங்கத்திலிருந்துதான் வந்தது. அமெரிக்க அரசின் இரண்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து எட்டுச் சுரங்கங்களின் 12,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் விவரங்களைத் தேடித் திரட்டின. பொட்டாஷ், உப்பு, சுண்ணாம்புக்கல் போன்றவை எடுக்கும் இடங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ரேடான், சிலிகா, கல்நார் போன்ற மற்ற வில்லன்கள் குறைவு. பழி யார்மேல் என்பதில் குழப்பம் வராது. நிலத்தடியில் மிக அதிகமாகப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் மிகக் குறைவாகச் சுவாசித்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரிந்தது.

சரி, நிறையக் காற்றை உள்ளே அனுப்பி நீர்த்துப்போகச் செய்தால் போதாதா? இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

150 கிலோவாட் எஞ்சின் ஒன்று. 2000களின் நடுவில் வந்த கட்டுமான எந்திரங்களுக்கு அமெரிக்கா வைத்த வரம்புப்படி, ஒரு கிலோவாட் மணிக்கு 0.2 கிராம் துகள் விடலாம். முழுச்சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் 30 கிராம். இதை ஒரு கனமீட்டர் காற்றுக்கு 0.1 மில்லிகிராம் என்ற அளவுக்கு நீர்க்கச் செய்ய எவ்வளவு காற்று வேண்டும்? மணிக்கு 3,00,000 கனமீட்டர், அதாவது நொடிக்கு 83 கனமீட்டர். கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் நிலத்தடி டீசல் எந்திரத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு நொடிக்கு 0.06 கனமீட்டர் காற்று என்பது விதி. நம் எஞ்சினுக்கு அது 9 கனமீட்டர்தான். எஞ்சின் எப்போதும் முழுச்சுமையில் ஓடாது என்பதால் நிஜத்தில் இடைவெளி இவ்வளவு இருக்காது. ஆனாலும் 9 எங்கே, 83 எங்கே! அவ்வளவு காற்றைத் தள்ள ஃபேனையும் மின்சாரத்தையும் குழாயையும் பெரிதாக்கிக்கொண்டே போனால், கடைசியில் காற்று அனுப்பும் செலவிலேயே சுரங்கம் நின்றுவிடும்.

அதே எஞ்சினின் குழாயில் நூற்றுக்கு 95 பங்கு துகளைப் பிடிக்கும் ஃபில்டரை மாட்டிவிட்டால் நொடிக்கு 4 கனமீட்டருக்குக் கொஞ்சம் மேல் போதும். துகளுக்கு அவ்வளவு போதும் என்றேன். வாயுக்களுக்கும் சூட்டுக்கும் காற்று வேண்டும்தான். காற்றோட்டத்தை யாரும் விட்டுவிட முடியாது. ஆனால் கரியை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் மலிவு.

பிறக்கும் முன்பே தடுப்பது அதைவிட மலிவு. இது பழைய மெக்கானிக் ஞானம். கரும்புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் எரியாத டீசலோ கூலன்ட் தண்ணீரோ வருகிறது. தூசி அடைத்த ஏர் ஃபில்டரும் தேய்ந்த இன்ஜெக்டரும் ஒரு நல்ல எஞ்சினைக் கெடுத்துவிடும். சுரங்கம் என்பது ஏர் ஃபில்டர் அடைப்பதற்கென்றே படைத்த இடம். அடுத்தது டீசலில் உள்ள கந்தகம். அது தானே ஒரு துகளாக வெளிவருவதோடு, புகையைச் சுத்தம் செய்யக் குழாயில் மாட்டும் வினையூக்கிகளையும் நஞ்சாக்கிக் கெடுக்கும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. இப்படிச் சுத்தமான டீசல் கிடைக்காத ஊரில் மற்ற கருவிகளைப் பற்றிப் பேசுவதே வீண். அப்புறம் சும்மா நிற்கும்போது எஞ்சினை அணைப்பது. இதற்குக் காசே வேண்டாம், ஆனாலும் நடக்காது.

தண்ணீர்த் தொட்டி

நிலக்கரிச் சுரங்கத்துக்கு இன்னொரு பயம் உண்டு: மீத்தேன். சூடான சைலன்சரோ ஒரு தீப்பொறியோ போதும். ஆகவே எரிவாயு இருக்கக்கூடிய இடத்தில் ஓடும் டீசல் வண்டியின் எந்த வெளிப்பரப்பும் சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. இதற்காகப் புகையை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் குமிழியாக விட்டு வெளியேற்றுவார்கள். ஹூக்கா மாதிரி. புகை ஆறும், பொறி அணையும்.

தண்ணீரில் கழுவிவிட்டோம், இனி சுத்தம் என்று தோன்றும். கந்தக ஆக்சைடு போன்ற கரையும் வாயுக்கள் கொஞ்சம் கரையும். பெரிய துகள்கள் விழும். ஆனால் நுண்ணிய கரி குமிழிக்குள்ளேயே பத்திரமாகப் பயணம் செய்து மேலே வந்துவிடும். கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆக, தொட்டி தீக்குக் காவல். நுரையீரலுக்கு அரைகுறைக் காவல். பிடித்தது எங்கே போச்சு என்றால், தொட்டியின் அடியில் அமிலம் கலந்த கறுப்புச் சேறாக இருக்கிறது. அதை ஒருவர் அள்ளிக் கொட்டவேண்டும்.

இருந்தாலும் இந்தத் தொட்டியால் ஒரு நல்லது நடந்தது. புகை ஆறிவிட்டதால், லாரி ஏர் ஃபில்டர் மாதிரியான மடிப்பு வைத்த காகித ஃபில்டரையே அதற்குப் பின்னால் மாட்டமுடிந்தது. சூடான குழாயில் காகிதம் பற்றிக்கொள்ளும்; இங்கே பற்றாது. அடைத்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடவேண்டியதுதான்.

பிளாட்டினம் செய்யும் நன்மையும் குறும்பும்

உலோகச் சுரங்கங்களில் மீத்தேன் பயம் பொதுவாகக் குறைவு. ராஜஸ்தானின் ராம்புரா ஆகுசா துத்தநாகச் சுரங்கம் போன்ற இடங்களில் ஓடும் பெரிய லோடர்களும் தாழ்ந்த உயர டம்பர்களும் இந்த வகை. இங்கே புகையைச் சூடாகவே வைத்துக் கையாளலாம். முதலில் மாட்டுவது ஆக்சிஜனேற்ற வினையூக்கி. தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய பெட்டி. கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் அதன்மேல் படும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிடும். டீசல் புகையின் அந்த நெடியும் பாதி போய்விடும்.

குறும்பு இதற்குப் பின்தான். எஞ்சினிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு. பிளாட்டினம் அதையும் விடாமல் நைட்ரஜன் டை ஆக்சைடாக்கிவிடும். இது பலமடங்கு கொடியது. நுரையீரலைப் புண்ணாக்கும், அதிகமாகச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் எட்டு மணி நேரப் பணிக்கு வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் அரைப் பங்கு. சாலையில் ஓடும் வண்டியில் இந்த மாற்றம் சுரங்கத்தில் உள்ள அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. வெளியே போன நைட்ரிக் ஆக்சைடு எப்படியும் காற்றில் கலந்து மெல்ல அப்படித்தான் மாறப்போகிறது. ஆனால் முட்டுச்சந்து மாதிரி முடியும் சுரங்கப் பாதையில், ஓட்டுநருக்கு மூன்று மீட்டர் பின்னால் இது நடக்கிறது. நெடி குறைந்ததால் புகை சுத்தமாகிவிட்டது என்று நினைத்தவர், தலைவலியோடு வீட்டுக்குப் போவார்.

டிக்காஷன் ஃபில்டரும் கரி ஃபில்டரும்

இப்போது கதையின் நாயகன், துகள் ஃபில்டர். சமீபத்தில் டீசல் கார் வாங்கியவர்களுக்கு இது டி.பி.எஃப் என்ற பெயரில், பெரும்பாலும் டேஷ்போர்டில் எரியும் ஒரு ஆரஞ்சு விளக்காக, அறிமுகம் ஆகியிருக்கும்.

கார்டியரைட் அல்லது சிலிக்கன் கார்பைடு என்ற பீங்கான் வகையால் ஆன உருளை. உள்ளே நீளவாக்கில் நூற்றுக்கணக்கான சதுரக் குழாய்கள். ஒரு குழாயின் முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் அடைப்பு. பக்கத்துக் குழாய்க்கு நேர்மாறு. உள்ளே நுழைந்த புகைக்கு வழி ஒன்றுதான்: சுவரின் நுண்துளைகளைத் தாண்டி அடுத்த குழாய்க்குப் போவது. கரி சுவரில் தங்கிவிடும்.

அந்தத் துளைகள் பத்து, இருபது மைக்ரான் அகலம். கரித்துகளோ அதில் நூற்றில் ஒரு பங்குதான். யானை போகும் வாசலில் எறும்பு எப்படி மாட்டும்? அவ்வளவு சின்னத் துகள் நேர்கோட்டில் போகாது என்பதுதான் விஷயம். வாயு மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ள, அது தள்ளாடித் தள்ளாடித்தான் போகும். குடித்துவிட்டு வருபவர் அகலமான சந்தில்கூடச் சுவரில் இடித்துக்கொள்வாரே, அப்படி. இடித்த துகள் ஒட்டிக்கொள்ளும். துகள் சிறிதாகச் சிறிதாகத் தள்ளாட்டம் கூடும் என்பதால், மிகச் சிறியவைதான் எளிதாக மாட்டுகின்றன. பிறகு ஒட்டிய கரியே ஒரு படலமாகிப் புதுக் கரியைப் பிடிக்கும். வீட்டில் டிக்காஷன் போடும் பித்தளை ஃபில்டரிலும் அடித்தட்டைவிடப் படிந்த தூள்தானே வடிகட்டுகிறது.

டிக்காஷன் ஃபில்டரின் இன்னொரு குணமும் இதற்கு உண்டு. தூள் அழுத்தமாகப் படிந்துவிட்டால் சொட்டுவது நின்றுவிடும். கரி நிறைந்த ஃபில்டரில் புகை வெளியேற முடியாமல் எஞ்சினையே பின்னால் தள்ளும். 'பேக் பிரஷர்' கூடிவிட்டது என்பார்கள். டீசல் செலவு ஏறும், இழுவை குறையும், எஞ்சின் சூடாகும். ஆகவே பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்கவேண்டும்.

கரி தானாக எரிய 600 டிகிரி அளவு வேண்டும். வினையூக்கி பூசினால் முந்நூறு சொச்சத்திலேயே எரியத் தொடங்கும். முழு லோடு ஏற்றிச் சரிவுப் பாதையில் மேலே வரும் டம்பரின் புகைக்கு இந்தச் சூடு எளிதாகக் கிடைக்கும். அதன் ஃபில்டர் ஓட ஓடத் தானே சுத்தமாகிவிடும். ஆனால் மேலாளரை ஏற்றிக்கொண்டு அங்கே பத்து நிமிடம் இங்கே பத்து நிமிடம் போய்வரும் ஜீப்பின் புகை அவ்வளவு சூடாவதே இல்லை. நகர நெரிசலில் மட்டுமே ஓடும் டீசல் காரில் அந்த ஆரஞ்சு விளக்கு அடிக்கடி எரிவதும் இதனால்தான். ஷோரூமில் 'கொஞ்சம் ஹைவேயில் விரட்டிட்டு வாங்க சார்' என்கிறார்கள். சுரங்கத்துக்குள் ஹைவேக்கு எங்கே போவது? ஆகவே லேசான வேலை செய்யும் வண்டிகளில் ஃபில்டரையே கழற்றி, ஒர்க்ஷாப்பில் மின்சார அடுப்பில் வைத்துச் சுட்டு, திரும்ப மாட்டுவார்கள். சிலவற்றில் டீசல் பர்னரே இருக்கும். எந்த ஃபில்டர் நல்லது என்று பொதுவாகக் கேட்பவருக்குப் பதிலே கிடையாது. வண்டி என்ன வேலை செய்கிறது, அதன் புகை ஒரு ஷிப்டில் எவ்வளவு நேரம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று முதலில் அளந்துவிட்டு வரவேண்டும்.

இந்தப் பாடத்தை அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் லோட்ச்பெர்க், கோத்தார்ட் என இரண்டு நீண்ட ரயில் சுரங்கப்பாதைகளைத் தோண்டும் திட்டம் இருந்தது. 2016இல் திறந்த கோத்தார்ட் மட்டும் 57 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்கு உள்ளே டீசல் எந்திரங்கள் ஓடினால் ஆட்களை எப்படி அனுப்புவது? 1990களில் சுவிஸ், ஆஸ்திரிய, ஜெர்மன் தொழில் காப்பீட்டு அமைப்புகள் சேர்ந்து வெர்ட் என்ற திட்டத்தைத் தொடங்கிச் சந்தையில் இருந்த தீர்வுகளைச் சோதித்தன. நுண்துகளுக்கு வினையூக்கி மட்டும் போதாது, ஃபில்டர்தான் வழி என்ற முடிவுக்கு வந்தார்கள். எடையில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் துகள்களின் எண்ணிக்கையையே எண்ணினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, புதிதாக என்ன உண்டாகிறது என்றும் தேடியதுதான். கரி எளிதாக எரிய டீசலில் செம்பு சேர்ந்த மருந்தைக் கலப்பது அப்போது ஒரு வழக்கம். எரிபொருளில் கொஞ்சம் குளோரின் இருந்துவிட்டால், செம்பு படிந்த அந்த ஃபில்டருக்குள் டையாக்சின் பலமடங்கு கூடியது. கரியைப் பிடிக்க வைத்த பெட்டி, உலகின் மிக மோசமான நஞ்சுகளில் ஒன்றைச் சமைக்கும் அடுப்பாகிவிட்டது.

மீதி இருப்பது நைட்ரஜன் ஆக்சைடு. பஸ், லாரி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. யூரியா ஊற்றுவது, ஆட்ப்ளூ என்பதெல்லாம் இதுதான். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த தண்ணீரைச் சூடான புகையில் தெளித்தால் அம்மோனியா பிறந்து, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனும் நீரும் ஆகிவிடும். இதற்கும் இருநூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அளவு மீறித் தெளித்தால் அம்மோனியாவே வெளியே வரும். அதன் நெடி மூக்கைத் துளைப்பதால் தப்பு நடந்தால் உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவும் மாட்டியபின் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? தொழிலாளியின் சட்டைக் காலரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, இடுப்பில் ஒரு பம்ப்பைக் கட்டி, ஒரு ஷிப்ட் முழுக்க அவர் சுவாசிக்கும் காற்றைக் குவார்ட்ஸ் இழைத் தாளில் இழுப்பார்கள். அதை ஆய்வகத்தில் சூடாக்கி, எண்ணெய் போன்ற சேர்மங்களில் உள்ள கரிமக் கார்பன் எவ்வளவு, வெறும் கரியாக இருக்கும் தனிமக் கார்பன் எவ்வளவு என்று பிரிப்பார்கள். பெரும்பாலும் தனிமக் கார்பனைத்தான் நம்புவார்கள், காரணம் எளிது. பக்கத்தில் ஒருவர் சிகரெட் பிடித்தாலே கரிமக் கார்பன் ஏறிவிடும். துளைபோடும் எந்திரத்தின் எண்ணெய்த் தூறலும் அதில் சேரும். தனிமக் கார்பன் டீசலின் கையெழுத்து மாதிரி. நிலக்கரிச் சுரங்கத்தில் மட்டும் நிலக்கரித் தூசியும் குழப்பும் என்பதால், பெரிய துகள்களை முன்பே ஒதுக்கிவிடும் ஒரு தடுப்பை வைப்பார்கள்.

அமெரிக்காவில் நிலக்கரி அல்லாத நிலத்தடிச் சுரங்கங்களுக்கு 2008 மே முதல் வரம்பு கனமீட்டருக்கு 0.16 மில்லிகிராம் மொத்தக் கார்பன், அதாவது இரண்டு கார்பனும் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தனிமக் கார்பனுக்கு 0.05 மில்லிகிராம் என்று வைத்தது. மற்ற பணியிடங்களுக்கு 2023 பிப்ரவரி முதல். நிலத்தடிச் சுரங்கத்துக்கும் சுரங்கப்பாதைத் தோண்டலுக்கும் மூன்று ஆண்டு கூடுதல் அவகாசம் கொடுத்து 2026 பிப்ரவரி என்று எழுதினார்கள். மிக அதிகமாகப் புகை சுவாசிப்பவர்களுக்குத்தான் மிகத் தாமதமாகப் பாதுகாப்பு. காரணம் அதே 83 கனமீட்டர் கணக்குதான் என்றாலும் படிக்கும்போது உறுத்துகிறது.

டீசலையே விட்டுவிட்டால்? நடக்கிறது. நம் நாட்டு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் பல லோடர்கள் வெகுகாலமாக மின்கேபிளை இழுத்துக்கொண்டுதான் ஓடுகின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் 2019இல் உற்பத்தி தொடங்கிய போர்டன் தங்கச் சுரங்கத்தை, நிலத்தடியில் பேட்டரி வண்டிகள் ஓடும்படியே திட்டமிட்டுக் கட்டினார்கள். புகை இல்லை, சூடும் குறைவு, ஃபேன் செலவும் குறைவு. எங்கே போச்சு என்று இங்கேயும் கேட்கலாம்: மின்சாரம் நிலக்கரியில் பிறந்தால் புகை அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிக்குப் போயிருக்கிறது. ஆனால் அது எல்.எச்.டி ஓட்டுபவரின் மூக்குக்கு முன்னால் இல்லை.

கரி ஃபில்டருக்குள் கடைசியாக மிஞ்சுவதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கரி எரிந்தாலும் எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் சாம்பல் எரியாது. அது குழாய்களின் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஆயிரக்கணக்கான மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஃபில்டரைக் கழற்றி, கம்ப்ரஸர் காற்றால் ஊதி அதை வெளியேற்றவேண்டும். மூடிய பெட்டிக்குள் வைத்து ஊதி, உறிஞ்சு குழாயால் பிடித்து, தனியே மூட்டை கட்டி அகற்றுவதுதான் முறை. அந்தப் பெட்டி இல்லாத ஒர்க்ஷாப்பில் ஹெல்பர் பையன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஊதுவான்.